13 ஆட்டமாகக் கோல் இல்லை, லோனில் போகலாமா?

கேள்வி: எனக்கு 20 வயது. கால்பந்து கிளப் ஒன்றின் அகாடமியில் வளர்ந்து இந்த சீசனில்தான் சீனியர் அணிக்கு வந்தேன். கோல் அடிக்க முன்வரிசையில் நிற்கும் ஸ்டிரைக்கர். முதல் 4 ஆட்டத்தில் 5 ஷாட், 3 கோல். அதன்பிறகு 13 ஆட்டம் ஆகிவிட்டது, ஒரு கோல்கூட இல்லை. அதில் 4 ஆட்டத்தில் முதலிலிருந்தே இறக்கினார்கள். ஆனால் 65ஆவது நிமிடம் வாக்கில் வெளியே எடுத்துவிட்டார்கள். மீதி 9 ஆட்டத்தில் கடைசி 12 நிமிடம்தான். இந்த 13 ஆட்டத்தில் நான் அடித்தது மொத்தமே 6 ஷாட். பயிற்சி முடிந்ததும் தினமும் தனியாக நின்று 80, 100 ஷாட் அடிக்கிறேன். தொடைக்குப் பின்னால் லேசாக இழுக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. இப்போது சீசன் நடுவில் டிரான்ஸ்ஃபர் விண்டோ (கிளப் மாறுவதற்கான காலம்) திறந்திருக்கிறது. கிளப் என்னைக் கீழ்ப் பிரிவு அணி ஒன்றுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, அனுப்பப் பார்க்கிறது. ஏஜென்ட் வேண்டாம் என்கிறார். பெரிய கிளப் ஒன்று விசாரிக்கிறது, ஒரேயடியாக அங்கே மாறிவிடலாம் என்கிறார். ஒப்பந்தம் இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அப்பாவோ இணையத்தில் என்னைத் திட்டுகிறவர்களுக்கு ராத்திரி முழுக்கப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன செய்யட்டும் அண்ணா? பெனால்டியை நானாகக் கேட்டு வாங்கலாமா என்றும் சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, லோன் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “தொடைக்குப் பின்னால் லேசாக இழுக்கிறது.” அடுத்த வரியிலேயே “உடம்புக்கு ஒன்றுமில்லை.” இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

பிசியோவிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. சொன்னால் இந்த வாரம் கிடைக்கிற அந்தப் பன்னிரண்டு நிமிடமும் போய்விடும் என்ற பயம். எனக்குத் தெரியும், நானும் மறைத்தவன்தான். 22 வயதில், இடம் பறிபோய்விடும் என்று இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது வாரம் யாருமே பக்கத்தில் இல்லாத ஒரு பந்துக்கு ஓடும்போது பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது என் இடத்தில் வேறொருவன் இருந்தான், நன்றாகவே ஆடினான்.

என்னை விடுங்கள், இங்கிலாந்து ஸ்டிரைக்கர் மைக்கேல் ஓவனைப் பாருங்கள். 18 வயதில், 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா டிஃபெண்டர்களை (தடுத்து ஆடுகிறவர்களை) ஓடியே கடந்து கோல் போட்டவர். மறு வருடம் ஏப்ரலில், லீட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடைக்குப் பின்னால் இருக்கிற தசை, கிழிந்தது. அதற்குப் பிறகும் 2001இல் அந்த வருடத்தின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதை வாங்கினார், அது வேறு விஷயம். ஆனால் அந்தப் பழைய வேகம் முழுதாகத் திரும்பவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒருமுறை கிழிந்த ஹாம்ஸ்ட்ரிங் மறுபடி கிழிவதற்கு வாய்ப்பு அதிகம். ‘இழுக்கிறது’ என்பதோடு நிற்கும்போதே பிடித்துவிட்டால் சில நாள் ஓய்விலும் பயிற்சியிலும் போய்விடலாம். இதைப் படித்ததும் முதல் வேலையாகப் பிசியோ அறைக்குப் போங்கள். எப்படியும் லோனுக்கு எடுக்கிற அணி மருத்துவப் பரிசோதனை செய்யும். அங்கே மாட்டுவதைவிட இங்கே நீங்களாகச் சொல்வது மேல்.

அந்த நூறு ஷாட்டையும் நிறுத்துங்கள். தசை காரணம் ஒன்று. இன்னொரு காரணம், உங்கள் சிக்கல் ஷாட்டில் இல்லவே இல்லை. எப்படி என்று சொல்கிறேன், ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

4 ஆட்டம், 65 நிமிடம் வீதம்: 260. 9 ஆட்டம், 12 நிமிடம் வீதம்: 108. கூட்டினால் 368 நிமிடம். முழு ஆட்டம் 90 நிமிடம் என்றால் இது நாலு ஆட்டம், அதற்கு மேல் எட்டே நிமிடம். “13 ஆட்டமாகக் கோல் இல்லை” என்று ஊரே சொல்கிறது, நீங்களும் சொல்கிறீர்கள். உண்மையில் நாலு ஆட்டமாகத்தான் கோல் இல்லை. நாலு ஆட்டம் கோல் அடிக்காத ஸ்டிரைக்கர் உலகத்தில் எவருமே இல்லையா என்ன?

இப்போது ஷாட்டுக்கு வாருங்கள். பெரிய லீக்குகளில் ஏறத்தாழ பத்து ஷாட்டுக்கு ஒன்று கோலாகும். நல்ல ஸ்டிரைக்கருக்கு இது கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 6 ஷாட்டில் கோல் இல்லை என்பது அதிசயமே இல்லை. அதிசயம் உங்கள் முதல் நாலு ஆட்டம்தான்: 5 ஷாட்டில் 3 கோல்! கோபித்துக்கொள்ளாதீர்கள், அதில் பாதி அதிர்ஷ்டம். அதே அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்து உங்களையும் மற்றவர்களையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஃபெடரிகோ மச்செடா என்ற இத்தாலியப் பையன், 2009 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்காகத் தன் முதல் ஆட்டத்திலேயே, 17 வயதில், கடைசி நேரத்தில் சுழன்று அடித்து ஆஸ்டன் வில்லாவைத் தோற்கடித்தான். அடுத்த லீக் ஆட்டத்திலும் வந்து ஒரு கோல். அரங்கமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அதன்பின் ஒவ்வொரு கிளப்பாக லோனில் சுற்றினானே தவிர யுனைடெட்டில் வேரூன்ற முடியவில்லை. முதல் வாரத்து கோலை வைத்து ஒரு ஆட்டக்காரரை எடை போட்டால் வருகிற வினை இது.

ஆக, கவலைப்பட வேண்டிய எண் பூஜ்யம் இல்லை, 6 என்கிற எண்தான். நாலு முழு ஆட்ட நேரத்தில் ஆறு ஷாட் என்றால் ஆட்டத்துக்கு ஒன்றரை. முன்வரிசையில் நிலைத்து நிற்கிற ஸ்டிரைக்கருக்கு இரண்டோ மூன்றோ வேண்டும். பந்து உங்களிடம் வரவில்லை, அல்லது வருகிற இடத்தில் நீங்கள் இல்லை. பெனால்டி பாக்ஸுக்கு வெளியே நின்று ஆளில்லாமல் அடிக்கிற நூறு பந்து இதைச் சரிசெய்யாது.

எதைப் பழக வேண்டும் என்றால், தலையைப் பழகுங்கள். உங்களுடைய தலையை இல்லை, டிஃபெண்டருடைய தலையை. விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், பந்து போகிறது என்று வையுங்கள். உங்களைப் பிடித்திருக்கும் சென்டர்பேக் (நடு டிஃபெண்டர்) பந்தையும் பார்க்க வேண்டும், உங்களையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாதபடி அவன் முதுகுப் பக்கம், தோளுக்குப் பின்னால் நில்லுங்கள். அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். ஃபார் போஸ்ட், அதாவது பந்துக்குத் தூரமான கோல் கம்பம், பக்கம் இரண்டு அடி வையுங்கள். நிஜமாகவே போகிறவன் மாதிரி வையுங்கள். அவனும் கூடவே இறங்குவான். விங்கர் ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்ப, அதாவது கிராஸ் அடிக்கத் தலையைத் தூக்கும்போது டிஃபெண்டரின் கண் பந்துக்குப் போகும். அந்த அரை நொடிதான் உங்களுடையது. அவனுக்கு முன்னால் குறுக்கே வெட்டி, பந்துக்குக் கிட்டத்தில் இருக்கிற நியர் போஸ்டுக்கு ஓடுங்கள். முன்னதாகவே ஓடினால் அவனும் வந்துவிடுவான், தாமதித்தால் பந்து போய்விடும். நிறைய முறை பந்தே வராது, வெறுங்காலோடு திரும்ப வேண்டியிருக்கும். அலுத்துக்கொள்ளாமல் அடுத்த முறையும் ஓட வேண்டும். ஸ்டிரைக்கர் வேலையில் பெரும்பகுதி இந்த வீண் ஓட்டம்தான், அதை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை.

உங்கள் கிளப்பில் ஆட்டப் பதிவுகள் இருக்கும். உங்களுடைய மூன்று ஆட்டத்தைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் உங்களை மட்டும் பாருங்கள். கிராஸ் வரும்போது எத்தனை முறை நின்ற இடத்திலேயே கையைத் தூக்கிப் பந்து கேட்கிறீர்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கை வீட்டுக்குள் இருந்தால் போதும்.

65ஆவது நிமிடத்தில் ஏன் எடுக்கிறார் என்று கோச்சிடம் கேட்டீர்களா? கோலுக்காகத்தான் என்று நீங்களே முடிவு கட்டியிருக்கிறீர்கள். எதிரணி பின்னாலிருந்து பந்தை எடுத்து வரும்போது நீங்கள் விரட்டுவது அந்த நேரத்தில் குறைந்துவிடுகிறதோ என்னவோ. 2018 உலகக் கோப்பையில் ஒலிவியே ஜிரூ பிரான்ஸின் ஸ்டிரைக்கர். தொடர் முழுவதும் ஒரு கோல்கூட இல்லை. ஆனாலும் இறுதி ஆட்டம் வரை கோச் அவரை இறக்கிக்கொண்டே இருந்தார், பிரான்ஸ் கோப்பையை வென்றது. பந்தை வாங்கி நிறுத்தி மற்றவர்களுக்குக் கொடுப்பது, டிஃபெண்டர்களைத் தன் பக்கம் இழுப்பது, இதெல்லாம் கோச்சுக்குத் தேவைப்பட்டது. அதே ஜிரூ 2022இல் தியரி ஆன்ரியைத் தாண்டிப் பிரான்ஸுக்கு அதிக கோல் அடித்தவரானார். அதனால் கேளுங்கள். “என்னை ஏன் எடுக்கிறீர்கள்” என்று சண்டைக்குப் போவது போல் கேட்காமல், “90 நிமிடமும் நிற்க நான் எதைச் சரிசெய்ய வேண்டும்” என்று கேளுங்கள். பதில் சொல்லாத கோச் குறைவு.

சரி, லோன். போங்கள். ஏஜென்ட் சொல்கிற பெரிய கிளப்பில் உங்களுக்கு முன்னால் எத்தனை ஸ்டிரைக்கர்கள் இருக்கிறார்கள் என்று எழுதவில்லை. இரண்டு பேராவது இருப்பார்கள். இங்கே பன்னிரண்டு நிமிடம் என்றால் அங்கே சட்டைகூட மாற்றாமல் பெஞ்சில்தான். உங்கள் ஏஜென்டைக் கெட்டவர் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனால் ஒரு டிரான்ஸ்ஃபர் நடந்தால் அவருக்குக் கமிஷன் உண்டு. லோனில் அவ்வளவு கிடைக்காது. அந்த யோசனையைக் கேட்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

லோன் என்றால் தள்ளிவிடுவது என்று உங்கள் அப்பா நினைக்கலாம். ஹாரி கேன் டாட்டன்ஹாமிலிருந்து நாலு முறை லோனில் போனவர். லேட்டன் ஓரியன்ட், மில்வால், நாரிச், லெஸ்டர். நாரிச்சில் கால் எலும்பு முறிந்தது. லீகில் ஒரு கோலும் இல்லை. லெஸ்டரிலும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது அவருக்கு 19 வயது. 2014-15 சீசனில் டாட்டன்ஹாமுக்காக லீகில் 21 கோல். இன்று இங்கிலாந்துக்கு அதிக கோல் அடித்தவர். எல்லோருக்கும் அப்படி நடக்காது, ஒத்துக்கொள்கிறேன். லோனில் போய்க் காணாமல் போனவர்கள்தான் அதிகம். அதனால்தான் எந்த அணி என்பது முக்கியம்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த அணியின் பெயரையோ பிரிவையோ இல்லை. உங்களைக் கேட்டது யார்? கோச்சா, நிர்வாகமா? கோச் கேட்டிருந்தால் உங்கள் எந்த ஆட்டத்தைப் பார்த்தார் என்று கேளுங்கள். அவர் பதவி ஆட்டம் கண்டுகொண்டிருந்தால் யோசியுங்கள். புதிதாக வருகிற கோச்சுக்கு லோன் பையன்மேல் எந்தக் கடமையும் கிடையாது. முன்னால் ஒருவரை வைத்து ஆடுகிறார்களா, இரண்டு பேரா? விங்கிலிருந்து பந்து வருமா, நீளப் பந்தை மேலே தூக்கிப் போடுவார்களா? உங்களை இறக்காவிட்டால் சம்பளத்தில் அந்த அணி கட்டும் பங்கு கூடும்படி ஒரு நிபந்தனை வைக்க முடியும். உங்கள் கிளப்பிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் உருப்படியாக உழைக்க வேண்டிய இடம் இதுதான்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்யலாம், ஆனால் பொதுவாக அதிகாரபூர்வ ஆட்டம் இரண்டு கிளப்புக்குத்தான் ஆடலாம். உங்கள் கிளப்புக்கு ஏற்கெனவே ஆடிவிட்டீர்கள். லோன் அணிக்கும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் இந்த சீசனில் மூன்றாவது இடம் கிடையாது. இடம் சரிப்படவில்லை என்றால் வேறு எங்கும் போக முடியாது, இங்கேதான் திரும்ப வேண்டும். அதற்கும் உங்கள் கிளப் நடுவில் திரும்ப அழைக்கும் உரிமையை எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஒப்பந்தம் ஒன்றரை வருடம் என்றீர்கள். லோன் முடிந்து வரும்போது ஒரு வருடம்தான் மிச்சம் இருக்கும். அதில் கடைசி ஆறு மாதத்தில் நீங்கள் வேறு கிளப்புடன் ஒப்பந்தம் போட ஃபிஃபா விதி இடம் தருகிறது. உள்நாட்டு விதி வேறாக இருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். உங்களை வளர்க்க நினைக்கிற கிளப், லோனுக்கு அனுப்பும் முன் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று கேட்கும். கேட்கவில்லை என்றால் நீங்களே பேச்செடுங்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். அப்படியானாலும் லோனில் போங்கள். அடுத்த கிளப் உங்களைப் பார்க்கப் போவது அங்கேதான்.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். பையனைத் திட்டினால் எந்த அப்பாவுக்கும் கை துறுதுறுக்கும். போனைப் பிடுங்க முடியாது. அந்த மூன்று ஆட்டப் பதிவையும் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். கை தூக்குகிற கணக்கை அவர் எண்ணட்டும்.

பெனால்டி கேட்டு வாங்கலாமா? முக்கால்வாசிக்கு மேல் கோலாகிற ஷாட் அது, யாருக்குத்தான் ஆசை இருக்காது. இங்கே வேண்டாம், வழக்கமாக அடிப்பவர் இருப்பார். லோன் அணிக்குப் போனதும் முதல் வாரமே கோச்சிடம் தனியாகச் சொல்லிவையுங்கள், ஆட்டத்தின் நடுவில் பந்தைப் பிடுங்கிக்கொண்டு நிற்காதீர்கள். அவர் சரி என்றால் பயிற்சி முடிந்து பத்தே பத்துப் பெனால்டி அடியுங்கள். அதுவும் பிசியோ சரி சொன்ன பிறகு.