மறுபடியும் வாக்குக் கேட்டு வரும் எம்.எல்.ஏ.வை எடைபோடுவது எப்படி?

கேள்வி: எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மீண்டும் போட்டியிடுகிறார். எளிமையானவர், வாசலில் யார் வந்து நின்றாலும் பேசுவார், காதுகுத்து முதல் கருமாதி வரை வந்து தலைகாட்டிவிடுவார். அவருடைய கட்சி சமூக நீதி பேசும் கட்சி என்பதால், சென்ற முறை நானும் என் தோழிகளும் வீடு வீடாகப் போய் அவருக்காக வாக்குக் கேட்டோம். “இந்த ஐந்து வருஷத்தில் அவர் முற்போக்காக என்னம்மா செய்தார்?” என்று என் மகள் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எதை வைத்து அவரை எடைபோடுவது?
— வட மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: உங்கள் மகள் கேட்ட கேள்வியில் ‘அவர்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்சி செய்தது, அரசு செய்தது, அவர் செய்தது ஆகிய மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கித்தான் தேர்தல் நேரத்தில் நமக்குப் பரிமாறுகிறார்கள். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து, பள்ளிகளில் காலை உணவு, மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை ஆகியவை அரசின் திட்டங்கள். உங்கள் தொகுதியில் எந்தக் கட்சிக்காரர் வென்றிருந்தாலும் அவை வந்திருக்கும். எனவே சுவரொட்டியில் அவருடைய படம் அவற்றோடு சேர்ந்து இருப்பதை அவர் கணக்கில் வரவு வைக்காதீர்கள். உரிமைத்தொகைப் பட்டியலில் விடுபட்டுப்போன கைம்பெண்களுக்காக அவருடைய அலுவலகம் மேல்முறையீட்டு மனு எழுதிக் கொடுத்ததா என்பது வேறு கேள்வி; அதை அவரிடம் கேட்கலாம்.

அதேபோல, 2021 ஆகஸ்ட் 28-இல் மூன்று வேளாண் சட்டங்களுக்கு எதிராகவும், செப்டம்பர் 8-இல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகவும் பேரவையில் தீர்மானங்கள் நிறைவேறின. நல்ல தீர்மானங்கள். ஆனால், கட்சித் தலைமை கொண்டுவந்த தீர்மானத்தை ஆதரிப்பதற்கு ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் இழக்க வேண்டியது எதுவும் இல்லை. தன் கட்சித் தலைமை, தன் சாதியின் பெரிய மனிதர்கள், தன் தேர்தல் செலவுக்குக் கைகொடுத்த ஒப்பந்ததாரர்கள் ஆகியோரில் யாரேனும் எதிர்ப்பக்கம் நின்ற நாளில் அவர் எங்கே நின்றார் என்று தேடுங்கள். முற்போக்குப் பார்வையில் எடைபோடுவது என்றால் எனக்குத் தெரிந்தவரை அதுதான்.

அப்படிப்பட்ட நாள் ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 21. அந்தக் கூட்டத்தொடரின் கடைசி நாளான அன்று, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறந்துவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியிலேயே இருந்த இடதுசாரிக் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்ததால், மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சரே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தார். அந்தப் பத்து நாளில் உங்கள் உறுப்பினர் வாய் திறந்தாரா? ஏப்ரல் 22-ஆம் தேதி ஆதரித்துப் பேசிவிட்டு, மே 2-ஆம் தேதி ‘தொழிலாளர் தோழன்’ என்று சுவரொட்டி அடித்தவர்களும் உண்டு என்பதால் தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மசோதா நிறைவேறிய அதே ஏப்ரல் 21-இல், நீர்நிலைகளை உள்ளடக்கிய, 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலப்பரப்பைச் சிறப்புத் திட்டமாக அறிவிக்க வகைசெய்யும் நில ஒருங்கிணைப்பு மசோதாவும் விவாதமின்றி நிறைவேறியது. அது திரும்பப் பெறப்படவில்லை. இன்று சட்டமாக இருக்கிறது. ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் தொகுதியிலிருந்து போனவருக்கு அதைப் பற்றி ஒரு கருத்துகூடவா இருந்திருக்காது?

அடுத்து, பணம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எந்தத் தெருவில் எந்தப் பணி என்பதைப் பரிந்துரைப்பவர் அவர். ஆட்சியர் ஒப்புதல் தருகிறார். இதில் மட்டும், ‘தலைமை சொன்னது, செய்தேன்’ என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் ஊர் முச்சந்தியில் இருக்கும் பேருந்து நிழற்குடையில், ஊரின் பெயரைக் காட்டிலும் உறுப்பினரின் பெயர் இரண்டு மடங்கு பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனியில், ஐப்பசி, கார்த்திகையில் யாராவது இறந்துபோனால், பாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வாய்க்காலை இறங்கிக் கடந்துதான் சுடுகாட்டுக்குப் போகிறார்கள். ஒரு சிறுபாலம் போதும். மூன்று உறுப்பினர்கள் மாறிவிட்டார்கள். நிழற்குடைக்கு மட்டும் மூன்று முறை வண்ணம் பூசியாகிவிட்டது. உங்கள் தொகுதியின் பணிப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில் கேட்டு வாங்கலாம்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்ததும், எந்தப் பணி ஊரில், எந்தப் பணி காலனியில் என்று பிரித்து எழுதிப் பாருங்கள்.

இன்னொரு தாளையும் கேளுங்கள். 2022 ஆகஸ்டில், ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக, நீண்ட நாளாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு, எதிர்க்கட்சியினர் உட்பட 234 தொகுதி உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் கடிதம் எழுதினார். உங்கள் உறுப்பினர் கொடுத்த பத்தும் எவை? வரிசையில் முதலில் இருந்தது புறவழிச் சாலையா, அரசு மகளிர் கல்லூரியா? ஒருவர் தம் கைப்பட எழுதிய முன்னுரிமை வரிசையைவிட அவரைத் துல்லியமாகக் காட்டும் தாள் வேறு கிடைக்காது.

கடைசியாக, சாதி. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சமூகத்தவர் உள்ளே நுழைவதை ஒட்டி எழுந்த மோதலால் திரௌபதி அம்மன் கோவிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். உங்கள் தொகுதியிலும் அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் அதுபோல ஏதாவது நடந்திருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தின் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அவர் வந்தாரா, வந்தவர் சட்டத்தைப் பேசினாரா, ‘இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துப் போங்கள்’ என்றாரா? உரிமையைக் கேட்டவரையும் தடுத்தவரையும் ஒரே தராசில் நிறுத்தும் அந்த வாக்கியத்தை நான் நடுநிலையாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: தாங்கள் முன்பு ஒரு பதிலில், கட்சி மாறித் தாவுவதைத் தடுக்கும் சட்டம் இருக்கத்தான் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சட்டப்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி இடும் கொறடா உத்தரவை மீறினால் பதவி போய்விடும் அல்லவா? அப்படியிருக்க, 12 மணி நேர வேலை மசோதாவுக்குத் தனி உறுப்பினர் ஒருவரைக் குறைசொல்வது நியாயமா?
— பின்னலாடைத் தொழிலாளி ஒருவர்

பதில்: நியாயமான கேள்வி. 1985-இல் வந்த 52-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பத்தாவது அட்டவணையின்படி, கட்சியின் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் உறுப்பினர் தகுதி இழக்க நேரும். முடிவெடுப்பவர் பேரவைத் தலைவர் என்பதால், நடைமுறையில் சட்டம் எல்லோர் மேலும் ஒரே கனத்தோடு விழுவதில்லை. 2017 பிப்ரவரி 18-இல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் எடப்பாடி பழனிசாமி அரசுக்கு ஆதரவாக 122 பேரும் எதிராக 11 பேரும் வாக்களித்தார்கள். எதிர்த்து வாக்களித்த அதே கட்சியின் 11 பேர் பதவி இழக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேர், செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றமும் 2018 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. வாக்களித்தவர்கள் தப்பினார்கள், கடிதம் எழுதியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உறுப்பினர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால், கொறடா கட்டுவது வாக்கைத்தான், வாயை அல்ல. மசோதா பேரவைக்கு வருமுன் கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள் கூட்டம் நடக்கிறது, அங்கே பேசலாம். விவாதத்தில், ‘ஆதரிக்கிறேன், எனினும் இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும்’ என்று பதிவுசெய்யலாம். அமைச்சருக்கு எழுதலாம், அந்தக் கடிதத்தைத் தொழிற்சங்கத்திடம் கொடுக்கலாம். இவற்றுக்கெல்லாம் பதவி போவதில்லை. அடுத்த முறை சீட்டுக் கிடைக்காமல் போகக்கூடும். அது வேறு அச்சம், அதைச் சட்டத்தின் தலையில் கட்டக் கூடாது.

உங்கள் கேள்விக்கு அடியில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நமது பேரவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஏற்பவர்கள் ‘ஆம்’ என்றும் மறுப்பவர்கள் ‘இல்லை’ என்றும் குரல் கொடுக்க, எந்தக் குரல் பெரிது என்பதைப் பேரவைத் தலைவரின் காது முடிவுசெய்கிறது. 2017 பிப்ரவரியில் செய்ததுபோல உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுப்பி எண்ணினாலொழிய, யார் எந்தப் பக்கம் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. தன் உறுப்பினர் ‘ஆம்’ என்றாரா, கேண்டீனில் இருந்தாரா என்பதே வாக்காளருக்குத் தெரியாத ஓர் அமைப்பில், பேசியதையும் கேட்டதையும் வைத்துத்தான் ஆளை அறிய முடியும். பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில், கேள்வி நேரத்திலும் மானியக் கோரிக்கை விவாதங்களிலும் அவர் பேசிய பக்கங்களைத் தேடிப் படியுங்கள். பத்து நிமிடப் பேச்சில் ஏழு நிமிடம் தலைமையைப் புகழ்வதில் போயிருக்கும். மிச்சமுள்ள மூன்று நிமிடத்தைப் படித்தால் போதும். ஆண்டுக்கு 100 நாள் பேரவை கூடும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. வாக்குறுதி அளித்தது. எந்த ஆண்டும் அந்த எண்ணை நெருங்கவில்லை. அதைப் பற்றியாவது அவர் கேட்டாரா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் உறுப்பினரின் பிரமாணப் பத்திரத்தில் ஏழு குற்ற வழக்குகள் இருக்கின்றன. எதிர்த்து நிற்பவர்மேல் ஒன்றுகூட இல்லை. வழக்கு உள்ளவருக்கு வாக்களிக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள் ஐயா, பிரிவைப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால்தான் படிவம் 26 என்ற அந்தப் பத்திரம் நம் கைக்கு வந்தது. அதை முழுதும் படிக்காவிட்டால் அந்தப் போராட்டத்துக்குப் பொருளில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 என்று இருந்தால், சட்டவிரோதமாகக் கூடியது, தடை உத்தரவை மீறியது, வழிமறித்தது. குடிநீருக்காகச் சாலை மறியல் செய்த யார் மேலும் இவை பாயும். ஐந்தாண்டு எதிர்க்கட்சியில் இருந்த முற்போக்காளர் ஒருவர்மேல் இப்படி ஒரு வழக்குகூட இல்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். பெண்களுக்கு எதிரான குற்றம், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நில அபகரிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நின்று யோசியுங்கள்.

சொத்துப் பகுதியைச் சென்ற தேர்தலின் பத்திரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்தின் மதிப்பு தானாக ஏறியிருக்கலாம், அது குற்றமில்லை. புதிய சர்வே எண்கள் முளைத்திருக்கின்றனவா, மனைவி பெயரில் முளைத்திருக்கின்றனவா, முளைத்த இடம் அரசு திட்டம் வரவிருக்கும் சாலையோரமா என்பதே விஷயம்.

கேள்வி: எங்கள் உறுப்பினர்மேல் குறைகள் உண்டு. ஆனால், எதிரே நிற்பவர் வெளிப்படையாகவே மத வெறுப்பைப் பேசுகிறார். இப்போது இவரை விமர்சித்தால் அவருக்குத்தானே லாபம்? பேசாமல் நோட்டாவை அழுத்திவிடலாமா?
— கல்லூரி மாணவி

பதில்: நோட்டா 2013 முதல் இருக்கிறது, ஆனால், சட்டமன்றத் தேர்தலில் அது முதலிடம் பிடித்தாலும் அதற்கு அடுத்து அதிக வாக்குப் பெற்ற வேட்பாளரே வென்றவர். நீங்கள் அஞ்சும் ஆள் வரக்கூடிய தொகுதியில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விமர்சனத்தையும் வாக்கையும் பிரித்து வையுங்கள். வாக்கு ஒரு நாள் வேலை. வெறுப்பைப் பேசுபவர் வந்துவிடக் கூடாது என்பதற்காக மட்டுமே அன்று குறையுள்ளவருக்கு வாக்களிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், ‘அவன் வந்துவிடுவான்’ என்ற பூச்சாண்டியைக் காட்டியே ஐந்தாண்டும் கேள்வியில்லாமல் ஓட்டிவிடலாம் என்று இவர் கற்றுக்கொண்டால், அதற்குக் காரணம் நாம்தான். மனுத்தாக்கலுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் உங்கள் சொல்லுக்கு விலை அதிகம். பிரசார வண்டி உங்கள் தெருவுக்கு வரும்போது, ஆரத்தித் தட்டோடு நிற்பவர்களுக்கு நடுவில், ஒரே ஒரு கேள்வியை எழுதிவைத்துக் கேளுங்கள்: சுடுகாட்டுப் பாதையோ, பஞ்சாலை விடுதியில் தங்கி வேலைபார்க்கும் பெண்களின் ஊதியமோ, எது உங்கள் ஊருக்குப் பொருந்துமோ அது. ‘பார்க்கலாம்மா’ என்றால் அதையும், ‘செய்கிறேன்’ என்றால் அதையும் கைபேசியில் பதிவுசெய்து தேதியோடு வைத்திருங்கள். வென்றால், முதல் கிராம சபைக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டலாம். ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது.