சிறப்புக் குழந்தைகளுக்கான படிப்பு: மகளின் விருப்பத்துக்குத் தயங்கும் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் எடுத்த மகளை நர்சிங்கில் சேர்க்கத் தாங்கள் எண்ணியிருந்த வேளையில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உதவும் படிப்புதான் வேண்டுமென்று அவர் உறுதியாக நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். படித்தால் வேலை கிடைக்குமா, காலம் முழுக்க அந்தக் குழந்தைகளோடேயே இருந்தால் மனம் சோர்ந்துவிடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நியாயமான கவலைகள். ஆனால் 'அந்தப் படிப்பு' என்று ஒருமையில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டும். ஏனென்றால் அது ஒரே படிப்பு அன்று.

பெருமூளை வாதத்தால், அதாவது மூளைப் பாதிப்பால் உடலசைவு தடைபடும் நிலையால், பாதிக்கப்பட்ட மூன்று வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் கழுத்து நிற்கவும் முதுகு நிமிரவும் கால் ஊன்றவும் பயிற்சி தருபவர் இயன்முறை மருத்துவர். தானாகச் சாப்பிட, குளிக்க, உடுத்த, பென்சில் பிடிக்கக் கற்றுத் தருபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சுப் பயிற்சியாளரைச் சொல் சொல்லிக் கொடுப்பவர் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள்; உணவைப் புரையேறாமல் விழுங்கப் பழக்குவதும், பேச்சு வராத குழந்தைக்குப் படஅட்டை வழியாகக் கேட்கவும் மறுக்கவும் கற்பிப்பதும் அவர் பணிதான். அந்தக் குழந்தை பள்ளிக்கு வரும்போது அதற்கென்று தனிநபர் கல்வித் திட்டம் வகுத்துப் பாடத்தை மாற்றியமைத்துக் கற்பிப்பவர் சிறப்பாசிரியர். இவர்களோடு உளவியலாளரும் சேர்ந்த குழுவே ஒரு குழந்தையைத் தாங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் படிப்பு வேறு, காலம் வேறு, சட்டமும் வேறு.

தங்கள் மகள் எதற்குப் பொருந்துவார் என்பது மதிப்பெண்ணில் தெரியாது. வேலையை அருகில் பார்த்தால்தான் தெரியும். ஒரு பயிற்சி மையத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். சட்டைப் பட்டன் போடக் கற்கும் ஏழு வயதுச் சிறுவன். தெரபிஸ்ட் முதல் பட்டனிலிருந்து தொடங்கவில்லை. எல்லாப் பட்டன்களையும் தாமே போட்டு, கடைசிப் பட்டனையும் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கம் எட்டிப் பார்த்த அந்தப் பாதியை இழுக்கும் வேலையை மட்டும் சிறுவனுக்கு விட்டார். கடைசிப் படியை முதலில் கற்பித்தால், சட்டை போட்டு முடித்தவன் அவனே என்றாகிறது. ஒவ்வொரு முறையும் வெற்றியில் முடிகிறது. அது கைவந்த பிறகு துளைக்குள் நுழைப்பது, அதன்பின் அதற்கு முந்தைய பட்டன் என்று பின்னோக்கி நகர்வார்கள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் பழக்க வேண்டாம், மாலையில் ஐந்து நிமிடம் போதும் என்று தாயிடம் அவர் சொன்னதும் அந்தச் சிகிச்சையின் பகுதிதான். ஒரு பட்டனுக்குப் பல வாரம் ஆயிற்று. அந்த வாரங்களைச் சலிப்பாக எண்ணாமல், அடுத்த படியை எப்படி இன்னும் சிறிதாக்கலாம் என்று யோசிக்கிறவர்களே இத்துறையில் நிலைக்கிறார்கள். கருணை வேண்டும், ஆயினும் கருணையைவிடக் கூர்ந்து கவனிக்கும் பழக்கமே அதிகம் தேவைப்படுகிறது.

இனி அங்கீகாரம். இதில் சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். சிறப்பாசிரியர், பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர், மறுவாழ்வு உளவியலாளர் போன்றோர் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வருகிறார்கள். குழுமம் அங்கீகரித்த படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்து எண் பெற்றவரே சட்டப்படி பணிசெய்யலாம். இயன்முறை மருத்துவமும் ஆக்குபேஷனல் தெரபியும் 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு மாணவி, ஒரு தனியார் நிறுவனம் நடத்திய 'குழந்தைகள் தெரபி' சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்தார். ஓராண்டும் பெருந்தொகையும் செலவான பிறகே அதைக் கொண்டு பதிவு எண் பெற முடியாது என்பது தெரிந்தது. அவர் மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தை அன்றே நான் சரிபார்த்திருக்க வேண்டும்; அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. ஆகவே எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன், அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று குழுமத்தின் அல்லது ஆணையத்தின் இணையதளத்தில் தாங்களே பாருங்கள். விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

மகள் உயிரியல் பிரிவில் படித்திருப்பதால் எல்லாக் கதவுகளும் திறந்தே இருக்கின்றன. பேச்சு மற்றும் செவித்திறன் பட்டப்படிப்பு மூன்றாண்டுப் பாடமும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. 1965 முதல் இயங்கும் மைசூர் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதில் முதன்மையானது. சென்னையிலும் நல்ல கல்லூரிகள் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிக்கு வேலூர் சி.எம்.சி. நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்தால் நான்கரை ஆண்டுக்குக் குறையாது. சிறப்பாசிரியராக இரண்டு வழிகள் உள்ளன. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் இரண்டாண்டுச் சிறப்புக் கல்வி டிப்ளமோவில் சேரலாம். அல்லது ஒரு பட்டம் பெற்றபின் சிறப்புக் கல்வி பி.எட். படிக்கலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் நடைபெறும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் இத்துறைகள் பலவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மத்திய அரசு நிறுவனம் என்பதால், நடுத்தரக் குடும்பம் முதலில் அங்கே முயன்று பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் எழுதுகிறேன். தேவை இருக்கிறது, ஐயமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அப்போதுதான் சேர்ந்தன. சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவர்களில் தொடக்க வகுப்புகளில் பத்துப் பேருக்கும், அதற்கு மேல் பதினைந்து பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் வந்திருக்கின்றன. குறைபாட்டைச் சிறுவயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களும் உள்ளன. ஆனால் தேவை வேறு, நிரந்தரப் பணியிடம் வேறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையங்களிலிருந்து பள்ளி பள்ளியாகவும், நடக்க இயலாத குழந்தைகளின் வீடு வீடாகவும் சென்று கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராடியும் வருகிறார்கள். இவ்வளவு பொறுப்பான வேலைக்கு நாம் தரும் ஊதியம் சிறிதும் நியாயமன்று. பேச்சுப் பயிற்சியாளரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் மருத்துவமனையிலும் தனிப் பயிற்சி மையத்திலும் ஒப்பீட்டளவில் மேலான நிலையில் இருக்கிறார்கள்; பின்னாளில் சொந்தமாகவும் மையம் நடத்தலாம். வருமானம் குடும்பத்துக்கு உடனடித் தேவை என்றால் இதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மனச்சோர்வு வருமா என்றால், வரும். ஆனால் அது குழந்தைகளால் வருவது அரிது. ஆறு மாதத்தில் எல்லாம் சரியாகிவிடுமா என்று கண்ணீரோடு கேட்கும் பெற்றோருக்குப் பொய்யும் சொல்லாமல் நம்பிக்கையும் கெடாமல் பதில் சொல்வதுதான் இவர்களைக் களைப்படையச் செய்கிறது. குழுவாக வேலை செய்யும் இடத்தில் அந்தச் சுமை பகிரப்படுகிறது. ஆகையால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளேனும் மூத்தவர்கள் இருக்கும் நிறுவனத்திலேயே மகள் பணிபுரிய வேண்டும்.

தங்கள் ஊர் தென்காசிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடற்படை அதிகாரித் தேர்வில் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அருகில் ஆய்க்குடியிலேயே இருக்கிறது. விண்ணப்பம் போடுவதற்கு முன், அங்கே அனுமதி கேட்டு மகளைச் சில நாட்கள் ஓரமாக அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தாங்களும் உடன் சென்று, குழந்தைகளை அழைத்துவரும் பெற்றோரிடம் பேசிப் பாருங்கள். ஒவ்வொரு மாலையும் அன்று யார் என்ன செய்தார் என்பதை மகள் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். எந்த வேலையைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறார் என்பதே எந்தப் படிப்பு என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை தந்துவிடும். அந்த நோட்டோடும் மதிப்பெண் பட்டியலோடும் இருவரும் வாருங்கள். எந்தெந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்பதை அன்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்