எக்ஸாஸ்ட் நட்டுக்கென்று தனி ஸ்பேனர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் 70களின் பிஎம்டபிள்யூ பாக்ஸர் மோட்டார்சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் பைப்பை ஹெட்டோடு (சிலிண்டரின் தலைப்பகுதி) பிடித்திருக்கும், சுற்றிலும் ஃபின் (தகடு போன்ற நீட்சி) வைத்த நட்டுக்கென்றே ஒரு ஸ்பேனர் விற்கிறார்கள். எப்போதோ ஒருமுறை தொடப்போகும் நட்டுக்கு அது தேவையா? உளியும் சுத்தியலும் போதாதா?

பதில்: வாங்குங்கள். கழற்றுவதற்காக என்று மட்டும் நினைக்காதீர்கள், இறுக்குவதற்குத்தான் அது அதிகம் பயன்படும்.

இந்தியாவில் ஜாவா, யெஸ்டி ஓட்டியவர்களுக்கு உளி பழகிய சமாச்சாரம். அந்த வண்டிகளின் சைலன்சர் நட்டுக்கும் கொக்கி ஸ்பேனர்தான் முறை. ஆனாலும் பட்டறையில் உளியை வைத்து நாலு தட்டு தட்டிவிடுவார்கள். ஜாவாவின் சிலிண்டர் வார்ப்பிரும்பு என்பதால் அது தாங்கியது. உங்கள் வண்டியில் மரை இருப்பது அலுமினிய ஹெட்டில். உளியால் தட்டினால் முழு அடியும் ஒரே ஃபின்னில் விழும். ஃபின் உடைந்தால் போகட்டும், புது நட்டு கிடைக்கும். அடி கோணலாக விழுந்து மரை கிழிந்தால்தான் வம்பு. ஹெட்டை இறக்கி, வெல்டிங் வைத்தோ வளையம் செருகியோ புது மரை வெட்ட வேண்டும். அதற்குக் கொடுக்கும் காசில் இந்த ஸ்பேனர் பல வாங்கிவிடலாம்.

என்னிடம் இருப்பது நார்ட்டன் கமாண்டோ 850. அதில் நட்டு ஹெட்டுக்கு உள்ளே போய்த் திருகிக்கொள்ளும். அதிர்வில் லேசாகத் தளர்ந்தாலும் போதும், பைப் ஆட ஆட நட்டும் சேர்ந்து ஆடி அலுமினிய மரையைத் தின்றுவிடும். இறுகிப்போன நட்டைக் கழற்றுகையில் கெட்ட ஹெட்டும் உண்டு, தளர்ந்த நட்டைக் கவனிக்காமல் ஓட்டிக் கெட்ட ஹெட்டும் உண்டு. கமாண்டோக்காரர்களைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வார்கள். பைப்புக்கும் ஹெட்டுக்கும் இடையே இருக்கும் சீல் வளையம் சூட்டில் அமுங்கும், நட்டு தளரும், எனவே புது வளையம் போட்டால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போதே மறுபடி இறுக்க வேண்டும். சூடான பைப்புக்குப் பக்கத்தில் உளியோடு யார் மல்லுக்கட்டுவது? அதனால் உளியை மட்டும் நம்பியிருப்பவர்கள் இந்த வேலையைச் செய்வதே இல்லை. சின்ன ஸ்பேனர் ஒன்று சீட்டுக்கடியில் கிடந்தால், ஜோகூர்ப் பக்கம் போகும்போது பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகலாம்.

சிங்கப்பூர் நிலவரம் வேறு. பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் இருக்கும் வண்டியை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்க முடியும். மீதி நாளெல்லாம் இந்த ஈரக் காற்றில் கார்நிறுத்துமிடத்தில் சும்மா நிற்கும், மரையில் வெள்ளைத் தூள் பூத்து நட்டும் ஹெட்டும் ஒட்டிக்கொள்ளும். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது, கிளாசிக், விண்டேஜ் போன்ற திட்டங்களில் இருப்பவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆகவே அந்தத் திட்டத்தில் வண்டி வைத்திருப்பவர் நெடுநாள் வைத்திருக்கத்தான் போகிறார், ஹெட்டைக் காப்பாற்றியே ஆகவேண்டும். இன்னொன்று, வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழே ராத்திரி சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மேலே எத்தனை ஜன்னல் திறக்கிறது என்று தெரியும்.

ஸ்பேனர் வாங்குமுன் உங்கள் மாடலுக்கு ஆனதுதானா என்று பாருங்கள். நட்டின் வெளி அளவும் ஃபின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும், பல ஃபின்களை ஒரே நேரத்தில் ஆட்டமில்லாமல் கவ்வ வேண்டும். கைப்பிடி குட்டையாக இருந்தால் பரவாயில்லை, அரை அங்குலச் சதுரத் துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வீட்டில் சதுர முனையுள்ள நீளமான கைப்பிடியை அதில் செருகிக்கொள்ளலாம், பயணத்தில் ஸ்பேனர் மட்டும் போதும். ஒரு கையால் நட்டோடு அழுத்திப் பிடித்து மறு கையால் இழுங்கள், இல்லையென்றால் வழுக்கி ஃபின்னைச் சீவிவிடும்.

பல வருடம் தொடாத நட்டு என்றால் முதல் நாள் ராத்திரியே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் நட்டை ஹீட் கன்னால் சூடாக்கிவிட்டு முயலுங்கள். கொஞ்சம் திரும்பிக் கரகரவென்று பிடித்தால் உடனே நிறுத்தி, சற்று உள்பக்கம் திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே எடுங்கள். அப்படியும் அசையாவிட்டால் கைப்பிடியில் நீளப் பைப்பை மாட்டித் தொங்காதீர்கள். நட்டை எதிரெதிராக இரண்டு இடத்தில் ரம்பத்தால் மரைக்குச் சற்று முன்வரை அறுத்து, அந்த வெட்டில் உளியை வைத்துப் பிளந்துவிடுங்கள். உளிக்கு இங்கே மட்டும்தான் இடம். பிஎம்டபிள்யூ நட்டை வெட்ட மனம் வராது, விலை அப்படி. ஆனால் ஹெட்டோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

கழன்றதும் உள்ளே இருக்கும் வளையங்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து வந்தன என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மரையையும் பித்தளை பிரஷ்ஷால் துடைத்து, மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும், சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். சாதாரண கிரீஸ் கருகிப்போகும். மாட்டும்போது முதல் சில சுற்றுகள் வெறும் கையால்தான், நேராக ஏறினால் மட்டுமே ஸ்பேனரை எடுக்கலாம். அப்புறம் எஞ்சினைக் குளிர்நிலையில் ஸ்டார்ட் செய்து இணைப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளியுங்கள், குமிழி வந்தால் கசிவு இருக்கிறது. ஓடும்போது த்ராட்டிலை மூடினால் படபடவென்று வெடிக்கும் சத்தம் வந்தாலும், கார்புரேட்டரைப் பிரிக்குமுன் இந்த இணைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.