புருவம் ஏன் இடுப்புவரை வளர்வதில்லை?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. எண்ணெயை மாற்றி மாற்றித் தேய்த்தும் தலைமுடி தோளைத் தாண்டவில்லை. எனக்கும் என் அம்மாவுக்கும் இடுப்புவரை இருந்தது. மொட்டை அடித்தால் நன்றாக வளரும் என்று மாமியார் சொல்கிறார். மகளோ, "புருவமும் கை முடியும் வெட்டாமலே ஓர் அளவில் நிற்கிறதே, அது எப்படி?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது, டாக்டர்?

பதில்: மகள் கேட்டதற்குப் பதில் சொன்னால் உங்கள் கவலைக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

தோலுக்குள் இருக்கும் ஒவ்வொரு மயிர்க்காலும் குறிப்பிட்ட காலம் முடியை வளர்க்கும். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, சில மாதம் ஓய்வெடுக்கும். அப்புறம் பழைய முடி உதிர்ந்து அங்கேயே புது முடி முளைக்கும். தலையில் வளர்ச்சிக் காலம் 2 முதல் 7 ஆண்டுகள். மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சிக் காலம் 3 ஆண்டு உள்ளவருக்கு 36 செ.மீ., அதாவது தோளைத் தொடும். 7 ஆண்டு உள்ளவருக்கு 84 செ.மீ., இடுப்பைத் தொட்டுவிடும்.

புருவத்துக்கும் இமைக்கும் ஒன்றிரண்டு மாதம்தான். வேகமும் தலைமுடியின் பாதிதான். அதனால் 1 செ.மீ. அளவுக்குள்ளேயே காலம் முடிந்துவிடுகிறது. கை, கால் முடிக்குச் சில மாதங்கள். பார்க்க வளராமல் நிற்பதுபோல் இருக்கும். உண்மையில் உதிர்வதும் முளைப்பதும் நடந்துகொண்டேதான் இருக்கும். எல்லா முடியும் ஒரே நாளில் உதிராததால் நாம் கவனிப்பதில்லை.

இந்தக் காலக்கணக்கு மயிர்க்காலுக்குள்ளேயே இருக்கிறது. தலையிலிருந்து மயிர்க்காலை எடுத்துப் புருவத்தில் நட்டால், இடம் மாறினாலும் அது தலைமுடியாகவே நீளும். அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் புருவத்தை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருக்கும். வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று எஃப்ஜிஎஃப்5 என்ற புரதம். சடை சடையாக ரோமம் தொங்கும் நாய் இனங்கள் பலவற்றில் இதன் மரபணு மாறியிருக்கிறது. அதே மரபணு பழுதான சில குடும்பங்களில் மனிதர்களுக்கே கண்ணிமை முடி அசாதாரண நீளத்துக்கு வளர்கிறது. ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. ஆண்களின் தாடியைத் தடிக்க வைக்கும் அதே ஹார்மோன்தான், பரம்பரை வழுக்கை உள்ளவர்களின் உச்சந்தலையில் வளர்ச்சிக் காலத்தைக் குறைத்துவிடுகிறது.

மகளின் வளர்ச்சிக் காலம் உங்களுடையதைவிடக் குறைவாக இருக்கலாம். மரபணு அப்பா வழியிலும் வரும். அவளுடைய அத்தைமாரின் பின்னலையும் பாருங்கள். எண்ணெய் உரசலைக் குறைத்து முடி உடையாமல் காக்கும், அவ்வளவுதான். காலத்தை நீட்டாது, விலை எவ்வளவாக இருந்தாலும் சரி.

மொட்டை விஷயம்: கத்தி தோலுக்கு மேலே உள்ள உயிரற்ற பகுதியைத்தான் எடுக்கிறது. மயிர்க்காலுக்கு அது நடந்ததே தெரியாது. கூர்மையான நுனி போய் மழுங்கிய முனை வெளியே வருவதால் தொட்டால் சொரசொரப்பாக, தடித்ததுபோல் இருக்கும். அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் சவரம் செய்த முடியை அளந்து, தடிமனோ வேகமோ கூடவில்லை என்று 1928-லேயே எழுதிவிட்டார். வேண்டுதல் இருந்தால் பழனிக்குப் போங்கள். முடி வளர்வதற்காக என்றால் வேண்டாம், அதுவும் 15 வயதுப் பெண்ணுக்கு!

ஒன்றை மட்டும் வீட்டிலேயே சோதியுங்கள். சீப்பில் வரும் முடியின் ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால், அது காலம் முடிந்து வேரோடு உதிர்ந்தது. தினமும் 50 முதல் 100 வரை இப்படி உதிர்வது சாதாரணம். குமிழ் இல்லாத துண்டுகளே அதிகம் என்றால் முடி நடுவில் உடைகிறது. ஈரத்தலையை அழுத்தி வாருவது, இறுக்கிப் பின்னுவது, ஸ்ட்ரெய்ட்னர் சூடு ஆகியவற்றைக் குறைத்தாலே நீளம் கூடும்.

டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். ஆனால் வகிடு அகலமாகிக்கொண்டே போனால், வட்டமாகச் சொட்டை விழுந்தால், மாதவிலக்கு தவறி முகத்தில் முடி வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, எப்போதும் சோர்வாக இருந்தாலோ ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு), தைராய்டு மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவது நல்லது.