கூச்சக்காரருக்குப் புது ஊரில் பழக்கம் எப்படி வரும்?

"புது ஊருக்கு வந்து மூன்று மாதம், இன்னும் ஒருவரோடும் பழக்கமில்லை, எனக்குப் பேச்சு வராது, இது பிறவிக் குணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்த ஆள்தான். வவுனியாவிலிருந்து இடமாற்றத்தில் திருகோணமலைக்கு வந்த புதிதில், கடையில் மிச்சக்காசு குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன்.

பின்னேரங்களில் டச் பே கடற்கரைக்குப் போவேன். அதே இடம், அதே நேரம், ஒரு சுருள் கடலை. கடலைக்கார நானாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சு "நூறு ரூபாக்கு" என்பதோடு சரி. ஒரு மாதம் போயிருக்கும். காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் சுருளை நீட்டியபடியே கேட்டார்: "என்ன தம்பி, ரெண்டு நாளாக் காணல்ல?"

எனக்குத் திகைப்பு. ஒரு மாதமாக ஒன்றுமே கதைக்காமல் அவருக்குத் தெரிந்தவனாகியிருக்கிறேன்!

1968இல் ராபர்ட் ஸாயன்ட்ஸ் என்ற உளவியலாளர் இதைத்தான் சோதித்துக் காட்டினார். பொருள் தெரியாத சொற்கள், முன்பின் அறியாத முகங்கள். எது அடிக்கடி கண்ணில் பட்டதோ அதுவே ஆட்களுக்குப் பிடித்தது. (தொடக்கத்திலேயே பிடிக்காமல் போனவரென்றால் கதை வேறு, பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் ஏறும். என் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், விடுங்கள்.) 1950இல் ஃபெஸ்டிங்கர் குழு அமெரிக்க மாணவர் குடியிருப்பு ஒன்றை ஆராய்ந்தபோதும், நட்பைப் பெரும்பாலும் தீர்மானித்தது அடுத்த கதவுதான். மாடிப்படி ஓரத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் சிநேகிதர் கிடைத்தார்கள், எல்லாரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போகவேண்டும்.

நானா கிண்ணியாக்காரர். 2009இல் பாலம் திறக்கும்வரை அங்கே போக்குவரத்து மிதவைப் படகில்தான். இந்தப் பக்கத்தில் அதைப் 'பாதை' என்பார்கள். "பாதைக்குக் காத்து நிண்டே பாதி ஊரைப் பழகிட்டன்" என்பார். பாலம் வேண்டாமென்று அவரும் சொல்லமாட்டார். ஆனால் அந்தக் காத்திருப்பு செய்த வேலையை இப்போது நாமாகத்தான் செய்யவேண்டியிருக்கிறது.

பேச்சில் பிழை விடுவோமே என்ற பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. ஒருநாள் துணிந்து, "மகன் என்ன படிக்கிறார் நானா?" என்றேன். அவருக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். அன்றிரவு எனக்கு நித்திரையில்லை. பிறகொரு நாள் மன்னிப்புக் கேட்டால், அவருக்கு அது ஞாபகமே இல்லை. எரிக்கா பூத்பி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வும் அதையே சொல்கிறது: பேசி முடித்த இருவருமே, 'என்னை அவருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது' என்று உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

ஆகவே பேசப் பழகுவதை ஒத்திவையுங்கள். ஒரே தேத்தண்ணிக் கடைக்கு ஒரே நேரத்தில் போங்கள். கடை மாற்றாதீர்கள், தேத்தண்ணி சுமாராக இருந்தாலும்.

இப்போது நானா மஃரிப் தொழப் போகும்போது வண்டியை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போகிறார். வாங்க வருபவர்களைச் சமாளித்துவிடுவேன், இந்த ஊருக்குள்ளேயே திரிந்து கடலைக்கு வரும் மான்களைத்தான் முடியவில்லை.