இன்டேக் மேனிஃபோல்டுக்கு 10 மி.மீ. டெஃப்லான் ஸ்பேசர் சரிவருமா?

வணக்கம். சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் நின்று நின்று போனால், எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் அலுமினிய மேனிஃபோல்டு கொதிக்கிறது, சூடு ஏறாமலிருக்க 10 மி.மீ. டெஃப்லான் தகடு வெட்டி அதற்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் இடையில் ஸ்பேசராகப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

டெஃப்லான் வேண்டாம். அது சூட்டைத் தாங்கும், போல்ட் இறுக்கத்தைத் தாங்காது. மெல்லப் பிதுங்கி, காற்று கசிய ஆரம்பிக்கும். நைலான் ஈரம் குடித்து அளவு மாறும், நம் ஊருக்கு ஆகாது. துணி அடுக்கிய ஃபீனாலிக் (ஒருவகை பிசின்) தகடு அல்லது ஜி10 (கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்தது) தகடு வாங்குங்கள். அலுமினியத்தைவிடச் சில நூறு மடங்கு குறைவாகத்தான் இவை வெப்பத்தைக் கடத்தும்.

தடிமன் 5 அல்லது 6 மி.மீ. போதும். அதற்கு மேல் பலன் கொஞ்சம், தொல்லை அதிகம்: ஃப்யூவல் லைன் இழுக்கும், பிராக்கெட் துளை சேராது. மேனிஃபோல்டைப் பிடிக்கும் ஸ்டட்டும் (மரை போட்ட கம்பி) அதே அளவு நீள வேண்டும். எம்8 (8 மி.மீ. மரை) என்றால் அலுமினிய ஹெட்டுக்குள் 12 மி.மீ. மரையாவது பிடித்திருக்க வேண்டும். ஸ்பேசரின் இருபுறமும் கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கம்பெனி சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவு) முடுக்குங்கள். எஞ்சின் ஒருமுறை சூடாகி முழுக்க ஆறியதும் இறுக்கத்தை மறுபடி பாருங்கள். ஐடிலில் ஃப்யூவல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஸ்கேனரில் தெரியும்) +10% தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் கசிவுதான்.

முக்கியமாக, மேனிஃபோல்டுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குள் கூலன்ட் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் ஸ்பேசர் போட்டும் அந்தப் பக்கத்திலிருந்து சூடு ஏறும். இங்கே பனி உறையாது என்பதால் அந்த ஹோஸை த்ராட்டில் பாடிக்குள் போகாமல் நேராக இணைத்துவிடலாம். ஆனால் ஐடில் வால்வு கூலன்ட் சூட்டில் மூடும் மெழுகு வகையாக இருந்தால் தொடாதீர்கள், ஐடில் இறங்கவே இறங்காது.

வெட்டக் கொடுக்குமுன் எல்டிஏவின் (நிலப் போக்குவரத்து ஆணையம்) வாகன மாற்றப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள்.