உப்புக்காற்று வீட்டில் அனிமே பொம்மையை எங்கே வைப்பது?

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அனிமே பொம்மைகள், ராக்கெட் மாதிரிகள், பழைய காமிக்ஸ், கேமிங் மேசை. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊரிலிருந்து தொண்டி வரை நான் வீட்டு அலங்கார வேலைக்குப் போகும் வீடுகளில் இவற்றை இரண்டு நிலையில்தான் அதிகம் பார்க்கிறேன். ஒன்று, அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். இல்லையென்றால் மொத்தமும் ஒரே ஷெல்ஃபில் நெருக்கியடித்து நிற்கும். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிறது. கல்யாண ஆல்பத்துக்குக் கொடுக்கும் கவனிப்பை இவற்றுக்கும் கொடுக்கலாம். ஒருவர் ஆசைப்பட்டு, காசு சேர்த்து வாங்கிய பொருட்கள் இவை.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்: ஆறு வருடமாகச் சேர்த்த அனிமே பொம்மைகள் இருபதுக்கு மேல் இருக்கின்றன. ஹாலில் கண்ணாடி ஷோகேஸில் வைத்தேன். இப்போது தொட்டால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. தாங்கி நிற்கும் கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. வீட்டுக்கு வருகிறவர்கள் பொம்மைக் கடை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் பிசுபிசுப்பு. இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. அதை இளக்குவதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், சூட்டிலும் காற்றோட்டம் இல்லாத இடத்திலும் மெல்ல மேலே கசிந்து வரும். அதுதான் கையில் ஒட்டுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். ஸ்பிரிட், தின்னர் பக்கம் போகாதீர்கள், பெயின்ட்டே போய்விடும். முக்கியமான ஒன்று: கடைசியாக அலசுவது குடிதண்ணீரில் இருக்கட்டும். நம் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்துவிடும், கறுப்பு உடை போட்ட பொம்மையில் அது அப்படியே தெரியும்.

ஷோகேஸை மூடியே வைத்தால் பிசுபிசுப்பு, திறந்து வைத்தால் உப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. கதவு மூடியே இருக்கட்டும். வாரம் ஒரு நாள், காற்று அடங்கிய வெயில் நாளாகப் பார்த்து, அரை மணி நேரம் திறந்து வையுங்கள். உள்ளே ஒரு கிண்ணத்தில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் வைத்து, அது பச்சையாக மாறினால் எடுத்து ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் வையுங்கள். பூச்சிக்காக அந்துருண்டை போடும் பழக்கம் இருந்தால் இங்கே வேண்டாம். அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

துருவுக்கு வருகிறேன். கடையில் எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் ஒரே தரம் இல்லை. 202, 304, 316 என்று எண் கேட்டு வாங்க வேண்டும். 316இல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்திருப்பதால் கடல் உப்பைத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள், அப்படிக் கண்டுபிடிக்க முடியாது. இந்த மூன்றுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. புதிய பாம்பன் ரயில் பாலத்திலேயே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் உங்கள் ஹாலுக்குள்ளும் வருகிறது. பொம்மையைத் தாங்க அக்ரிலிக் கம்பி போதும், கதவுக் கீலுக்குப் பித்தளை.

பொம்மைக் கடை என்ற பேச்சுக்குக் காரணம் எண்ணிக்கைதான். இருபதையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். ஒரு தட்டுக்கு மூன்று, மொத்தம் ஏழோ ஒன்பதோ போதும். மற்றவை பருத்தித் துணியில் சுற்றி உள்ளே இருக்கட்டும். பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை மாற்றி வையுங்கள். ஷோகேஸின் பின்பலகைக்கு ஒரே அடர் நிறம் அடித்துவிடுங்கள். கரும்பச்சை நன்றாக இருக்கும். பொம்மையே நிறமாக இருக்கும்போது பின்னால் கண்ணாடியோ பூப்போட்ட காகிதமோ வைத்தால் கண் எதிலும் நிற்காது.

கீழக்கரை வாசகி: துபாயிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டியிருக்கிறோம். கணவருக்கு சூப்பர் ஹீரோ சிலைகள் மேல் உயிர். மாமி ஹாலில்தான் தொழுவார்கள். உருவங்கள் இருக்கும் இடத்தில் தொழ அவர்களுக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு பேரையும் வருத்தப்படுத்தாமல் ஏதாவது செய்ய முடியுமா, அக்கா?

மாமி சொல்வதை அலங்காரப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். அது அவர்கள் தொழுகை. சிலைகள் கணவரின் வேலை அறைக்குப் போகட்டும், மூடும் கதவு உள்ள அலமாரியில். இதில் விட்டுக்கொடுத்ததாக அவர் நினைக்க வேண்டியதில்லை. அந்த அறை முழுவதும் அவருடைய ரசனைக்கு என்று கொடுத்துவிடுங்கள்.

ஹாலுக்கு உருவம் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கும்போது எனக்கே உற்சாகமாக இருந்தது. ஒரு பெரிய நட்சத்திர வரைபடம். வானியல் உலகம் இன்றும் பயன்படுத்தும் நட்சத்திரப் பெயர்களில் பல அரபியிலிருந்து வந்தவை. அல்டெபரான் என்றால் பின்தொடர்வது, ரைஜல் என்றால் கால், டெனெப் என்றால் வால். கப்பலோட்டி வாணிபம் செய்த ஊரில், அரபு நாட்டில் உழைத்து வந்தவர் வீட்டில், இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மாமியும் அந்தப் பெயர்களை வாசித்துப் பார்ப்பார்கள்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு படத்தை அச்சடிக்காதீர்கள். பல படங்கள் ஐரோப்பிய வானத்தைக் காட்டுபவை. கீழக்கரை ஏறத்தாழ 9 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 9 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த அகலம்தான். பதிலாக, ஏப்ரல், மே மாத இரவில் உங்கள் ஊர்க் கடலுக்கு மேலே தெற்கே தென்சிலுவை தெரியும். இலவச வானியல் மென்பொருளில் ஊரையும் உங்கள் திருமண நாளையும் கொடுத்தால் அன்றிரவு வானம் அப்படியே வரும். விண்மீன் கூட்டங்களுக்கு மனித, மிருக ஓவியம் காட்டும் வசதியை அணைத்துவிட்டு, புள்ளியும் கோடும் பெயரும் மட்டும் வைத்து அச்சடியுங்கள்.

ஃபிரேம் போடும்போது படம் கண்ணாடியில் ஒட்டக்கூடாது. நடுவில் மவுண்ட் போர்டு என்ற தடித்த அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்பக்க மூலைகளில் சிறிய ரப்பர் பொட்டுகள் ஒட்டினால் சுவர் ஈரமும் ஏறாது.

ராமேஸ்வரம் வாசகர்: வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு விண்வெளி என்றால் பைத்தியம். சுவரே இல்லாமல் என்ன செய்வது?

ஒட்டும் கொக்கி வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரிலும் உப்புப் பூத்த சுவரிலும் அது நிற்காது, விழும்போது பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். தரையில் நிற்கும் பொருளாக யோசியுங்கள். உங்கள் ஊரில் பிறந்த கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்எல்வி-3 ராக்கெட், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அதன் உயரம் சுமார் 22 மீட்டர். ஐம்பதில் ஒரு பங்காகச் செய்தால் 44 சென்டிமீட்டர். புத்தக அலமாரியின் மேல் தனியாக நிற்க அளவான உயரம். அதன் பக்கத்தில் வேறு எதுவும் வேண்டாம். வெளிநாட்டு ராக்கெட்டுகள் எல்லோர் மேசையிலும் இருக்கின்றன. ராமேஸ்வரத்தில் இதுதான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான எண்ணம்.

த்ரீடி பிரின்ட் எடுத்தால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம். அது சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நான் ஜன்னல் ஓரத்தில் வைத்த ஒரு கலங்கரை விளக்க மாதிரி, ஒரே சித்திரையில் இடுப்பு வளைந்துவிட்டது. வெயில் படும் இடம் என்றால் ஏஎஸ்ஏ என்ற வகை பிளாஸ்டிக்கைக் கேளுங்கள், வெயிலில் நிறமும் சீக்கிரம் மாறாது.

பாம்பன் வாசகி: பிளஸ் டூ படிக்கும் மகன் அறை முழுக்க கலர் கலராக மின்னும் லைட் வேண்டும் என்கிறான். எனக்குப் பார்த்தாலே தலைவலி வருகிறது.

மறுக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். கண்ணுக்கு நேரே தெரியும் எல்இடி பட்டைதான் தலைவலி தரும். மேசையின் பின்விளிம்பில், சுவரைப் பார்த்து ஒட்டினால் பட்டை தெரியாது, வெளிச்சம் மட்டும் சுவரில் படரும். மின்னும் முறையை அணைத்து ஒரே நிறத்தில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். எந்த நிறம் என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும். படிப்பதற்கு 4000 கெல்வின் அளவில், அதாவது அதிக மஞ்சளும் நீலமும் இல்லாத வெள்ளை வெளிச்சத்தில், ஒரு தனி மேசை விளக்கு கட்டாயம். பட்டை வாங்கும்போது சிலிக்கான் உறை போட்டதாகப் பாருங்கள். உறை இல்லாதது பாம்பன் காற்றில் செம்பு பச்சைபிடித்து, பாதி எரியும், பாதி எரியாது. வெட்டிய முனையையும் சிலிக்கான் பசையால் அடைத்துவிடுங்கள்.

தொண்டி வாசகர்: அப்பா 70களிலும் 80களிலும் வாங்கிய தமிழ் காமிக்ஸ் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது. அவர் இப்போது இல்லை. ஹாலில் அவர் நினைவாக வைக்க ஆசை.

அசல் புத்தகங்களைச் சுவரில் மாட்டாதீர்கள். அது மலிவான செய்தித்தாள் காகிதம். அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டால் பழுப்பாகி, பிறகு ஒடியும். பிடித்த மூன்று அட்டைகளை மட்டும் ஸ்கேன் செய்து, நல்ல காகிதத்தில் அச்சடித்து, வரிசையாக மாட்டுங்கள். முப்பது வேண்டாம். கிழிந்த ஓரத்தையும் அவர் பேனாவில் எழுதிய பெயரையும் திருத்தாமல் அப்படியே விடுங்கள்.

அசல்களை ஒவ்வொன்றாக பாலிபுரோப்பிலீன் உறையில் போட்டு, பின்னால் அமிலம் இல்லாத அட்டை வைத்து, படுக்கை வாக்கில் அடுக்குங்கள். பிவிசி உறை காகிதத்தைக் கெடுக்கும். செலோ டேப் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைப்பது நம் பாட்டிமார் ஏட்டுக்குச் செய்த வழக்கம், இதற்கும் நல்லது. காகிதத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துருவைத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, கால் வைத்தால் படங்களுக்குக் கீழே அதுவே டீப்பாய். அப்பா உட்கார்ந்து படித்த நாற்காலி இருந்தால் அதையும் பக்கத்தில் போடுங்கள்.

ஏர்வாடி வாசகர்: நண்பர்களோடு டிராகன், கோட்டை என்று மேசை விளையாட்டு ஆடுகிறோம். கரையில் ஒதுங்கும் பவளப்பாறைத் துண்டுகளை வைத்து மலை, குகை செய்து கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா?

கூடாது. 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஒதுங்கிக் கிடந்தது என்றாலும் எடுத்து வைப்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகள்தான் உங்கள் கரையைக் காக்கின்றன, அவற்றின் உடைந்த துண்டும் கடலுக்கே உரியது. தெர்மோகோலைச் செதுக்குங்கள். ஸ்பிரே பெயின்ட் அடித்தால் அது உருகிவிடும், முதலில் தண்ணீரில் கரையும் பெயின்ட் ஒரு கோட் அடியுங்கள். உறிஞ்சித் தின்ற பனங்கொட்டையைக் காயவைத்துப் பாருங்கள், நார் மூடிய பாறை மாதிரியே இருக்கும். பகடை, சிறு பொம்மைகள் போட்டு வைக்க மூடியுள்ள ஓலைப்பெட்டி வாங்குங்கள். எந்தப் பிளாஸ்டிக் டப்பாவையும்விட அந்த மேசைக்கு அது அழகு.

தேவிபட்டினம் வாசகர்: ரயில் மாதிரிகள் செய்வது என் பொழுதுபோக்கு. புதிய பாம்பன் பாலத்தை, தூக்குப் பகுதி உண்மையிலேயே ஏறி இறங்கும்படி செய்து ஹாலில் வைக்க வேண்டும். எந்த அளவில் செய்யலாம்?

மொத்தப் பாலமும் 2 கிலோமீட்டருக்கு மேல். நூறில் ஒரு பங்கு என்றாலே 20 மீட்டர் வரும், அதனால் தூக்குப் பகுதியை மட்டும் எடுங்கள். அது 72.5 மீட்டர். இருநூறில் ஒரு பங்காகச் செய்தால் 36 சென்டிமீட்டர், டிவி மேசைக்கு அடக்கம். 17 மீட்டர் உயரும் தூக்கு, மாதிரியில் எட்டரை சென்டிமீட்டராக வரும். உங்களிடம் இருக்கும் ரயில் ஹெச்ஓ அளவு என்றால் எண்பத்தேழில் ஒரு பங்கு, அப்போது 83 சென்டிமீட்டர். அதற்குத் தனி மேசை வேண்டும்.

மோட்டார் பெரிதாக வேண்டியதில்லை. அசலில் இருப்பதுபோல இரண்டு கோபுரத்திலும் எதிர் எடை தொங்கவிடுங்கள். தூக்கும் பகுதி 300 கிராம் என்றால் பக்கத்துக்கு 150 கிராம். எடை சமமாகிவிட்டால் உராய்வை மட்டும் வென்றால் போதும், சின்னஞ்சிறு கியர் மோட்டார் இழுத்துவிடும். எதிர் எடைக்கு வலையில் கட்டும் ஈயக்குண்டு, கயிறுக்குத் தூண்டில் நரம்பு. இரண்டும் உங்கள் ஊர் வலைக்கடையிலேயே கிடைக்கும், இரண்டும் துருப்பிடிக்காது. ஈயத்தைத் தொட்டபின் கை கழுவிவிடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடிப்பலகைக்கு மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் வேண்டாம், ஐப்பசி மழையில் ஊதி விளிம்பு பிரியும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் போடுங்கள்.

வசதி இருந்தால் பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிடத் திறந்த ஷெர்சர் பகுதியையும் அதே அளவில் செய்து பக்கத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1914இல் திறந்த பாலம் அது. அந்தப் பகுதி இரண்டு இலைகளாகப் பிரிந்து, உருண்டு மேலே எழுந்தது, ஆட்களே கையால் இயக்கினார்கள். அதனால் அந்த மாதிரிக்கு மோட்டார் வேண்டாம், ஒரு சிறிய கைப்பிடி வையுங்கள், வருகிற பிள்ளைகள் சுற்றிப் பார்க்கட்டும். பின்சுவருக்கு வெறும் வெள்ளை போதும். அலையும் வானமும் வரைய ஆசை வரும். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற வீட்டில் அது தேவைப்படாது.